‘புரிந்தது’ என்று பதிவானால் புரிந்துவிட்டதா?

கேள்வி செந்தூலிலிருந்து வந்தது. எழுதியவர் ஒரு அக்கா. தம்பிக்கு 31 வயது. எட்டு வருடமாக ஸ்கிசோஃப்ரீனியாவுக்கு மருந்து, மாதம் ஒரு ஊசி. கடைசி மூன்று மாதமாக ஊசிக்குப் போகவில்லை. கடையில் பொருள் திருடினார் என்று பிடித்து, கோலாலம்பூரில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியிருக்கிறார்கள். வழக்குரைஞர் இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டார், 6 மாதச் சிறை. தண்டனை விழுந்த பிறகுதான் வீட்டுக்குத் தகவல் வந்தது. இன்றோடு ஒன்பது நாள். “என்ன கேட்கிறார்கள் என்றே அவனுக்குத் தெரிந்திருக்காது அண்ணா. ஒப்புக்கொண்டதை மாற்ற முடியுமா? அவன் சுகமில்லாதவன் என்று டாக்டர் லெட்டர் கொடுத்தால் விட்டுவிடுவார்களா?”

தங்கச்சி, முதல் கேள்விக்குப் பதில்: முடியும். இரண்டாவதுக்குப் பதில்: அந்த லெட்டர் மட்டும் போதாது. ஏன் போதாது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் வழக்குரைஞர் இல்லை. பினாங்கிலும் பிறகு கோலாலம்பூரிலும் நீதிமன்றத்தில் தமிழ் ஜுருபாஹாசாவாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, 26 வருடம் இருந்தேன். இப்போது ஒரு வழக்குரைஞர் அலுவலகத்தில் ஃபைல் பார்க்கிறேன். உங்கள் தம்பி நின்ற கூண்டுக்குப் பக்கத்தில் நின்றே காலம் போனது. அதனால் இதைப் பற்றி எனக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் நாள் கணக்கு. தண்டனை விதித்த நாளிலிருந்து 14 நாளுக்குள் மேல்முறையீட்டு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஒன்பது போய்விட்டது, மிச்சம் ஐந்து, அதில் சனி ஞாயிறு வருகிறதா என்று பாருங்கள். நோட்டீஸ் பெரிய வேலை இல்லை. எல்லாக் காரணத்தையும் அதிலேயே கொட்ட வேண்டியதும் இல்லை. அதைக் கொடுக்க வேண்டியவர் நீங்கள் அல்ல, உங்கள் தம்பி. வழக்குரைஞரை வைத்தால் அவர் சிறைக்குப் போய்த் தம்பியின் கையெழுத்து வாங்குவார். அதற்கு நேரமில்லை என்றால், சிறையில் இருப்பவர் அங்குள்ள பொறுப்பதிகாரியிடமே வாய்மொழியாகவோ எழுத்திலோ மேல்முறையீடு செய்வதாகச் சொல்ல சட்டம் இடம் தருகிறது. நாளைக்கே பார்க்கப் போனால் முதலில் இதைச் சொல்லுங்கள். நாள் தவறினால் உயர் நீதிமன்றத்திடம் காலதாமதத்துக்கு அனுமதி கேட்கலாம், மனநிலையையே காரணமாகக் காட்டலாம். இருந்தாலும் ஐந்து நாள் கையில் இருக்கும்போது அந்தச் சங்கடம் எதற்கு?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. நம் நாட்டில் சிறைத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு, நன்னடத்தையில் கழியும். 6 மாதம் என்பது நடைமுறையில் 4 மாதம்தான். மேல்முறையீடு போட்டதும் தண்டனை தானாக நிற்காது (பிரம்படி மட்டும்தான் நிற்கும்). அதனால் நோட்டீஸோடு கூடவே, முறையீடு முடியும்வரை தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் தரும்படியும் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால், வழக்குக்குத் தேதி வருவதற்குள் தம்பி வீட்டுக்கு வந்துவிடுவார். அப்புறம் ஜெயிப்பது பேர் அளவுக்குத்தான்.

சரி, அன்றைக்குக் காலை அங்கே என்ன நடந்திருக்கும்?

போலீஸ் லோக்காப்பிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேரை ஒன்றாகக் கொண்டுவருவார்கள். பெயர் கூப்பிட்டதும் ஆள் கூண்டில் ஏறுவார். குற்றச்சாட்டு மலாயில் இருக்கும். ஜுருபாஹாசா அதைத் தமிழில் வாசித்து விளக்குவார். ‘ஒப்புக்கொள்கிறாயா, விசாரணை கேட்கிறாயா?’ ஆள் ‘ஒப்புக்கிறேன்’ என்பார். அடுத்து, ஒப்புக்கொள்வது என்றால் என்ன, அதனால் என்ன நடக்கும் என்று சொல்லிப் புரிந்ததா என்று கேட்க வேண்டும். திருட்டுக்குத் தண்டனைச் சட்டம் 379-ஆவது பிரிவில் 7 வருடம் வரை சிறை உண்டு, இனி விசாரணை இருக்காது, நேரே தண்டனைதான் என்பதையெல்லாம் அவர் அறிந்திருக்க வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 173(பி) இதைச் சம்பிரதாயமாக வைக்கவில்லை. ஒப்புதலின் தன்மையும் விளைவும் அவருக்குப் புரிகிறதா, எந்த ‘ஆனா’வும் இல்லாமல் ஒப்புக்கொள்கிறாரா என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் ஒப்புதலைப் பதிவு செய்யவே வேண்டும் என்கிறது. அடுத்து அரசுத் தரப்பு சம்பவ விவரத்தை வாசிக்கும். அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு தண்டனையைக் குறைக்கச் சொல்லி ஏதாவது சொல்ல விடுவார்கள். அப்புறம் தண்டனை.

பரபரப்பான காலையில் இவ்வளவும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். நோட்டில் விழுவது இரண்டு வரி: ‘குற்றச்சாட்டு தமிழில் வாசித்து விளக்கப்பட்டது. ஓகேடி ஃபாஹாம். மெங்காக்கு சாலா.’ குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரிந்தது, ஒப்புக்கொண்டார் என்று அர்த்தம். நீங்கள் எதிர்த்துப் போராட வேண்டியது அந்த ‘ஃபாஹாம்’ என்ற ஒற்றைச் சொல்லோடுதான்.

அந்தச் சொல் எவ்வளவு லேசாக விழும் என்பதற்கு என் தப்பையே சொல்கிறேன். பல வருடத்துக்கு முன்னால் ஒரு கீழ் நீதிமன்றம். நாற்பது வயதிருக்கும் ஒருவர் கூண்டில். நான் வாசித்தேன், ‘புரியுதா?’ என்றேன், ‘புரியுது சார்’ என்றார். ‘ஒப்புக்கிறீங்களா?’ ‘ஒப்புக்கிறேன் சார்.’ கண் மட்டும் மேலே சுற்றும் விசிறியை விட்டு இறங்கவே இல்லை. நான் கேட்ட கேள்வியின் கடைசிச் சொல்லைத்தான் அவர் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது அன்று மாலை பஸ்ஸில் போகும்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் அவர் சிறை வண்டியில் ஏறிவிட்டார். மொழிபெயர்ப்பவன் சொல்லை மட்டும் சுமந்தால் போதும் என்றுதான் எங்களுக்குப் பழக்கம். நானும் வாயைத் திறக்கவில்லை.

வேறொரு நாள், வேறொரு மாஜிஸ்திரேட், இளம் பெண். அதே மாதிரி ‘ஆமா, ஆமா’ என்று ஒரு பையன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “இன்றைக்கு என்ன கிழமை என்று கேளுங்கள்” என்றார். கேட்டேன். “அம்மா வர்ற கிழமை” என்றான். அம்மா இறந்து வெகு நாளாகிறது என்று பின்னால் உட்கார்ந்திருந்த பெரியம்மா அழுதுகொண்டே சொன்னார். மாஜிஸ்திரேட் ஒப்புதலைப் பதிவு செய்யவில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 342-ஆவது பிரிவின் கீழ் அவனைக் கண்காணிப்புக்கு அனுப்பினார்.

அந்த 342-தான் உங்கள் தம்பி விஷயத்தில் நடந்திருக்க வேண்டியது. குற்றம் சாட்டப்பட்டவர் சித்த சுவாதீனமில்லாமல், அதனால் தன் தரப்பை எடுத்துச் சொல்ல முடியாதவராக இருக்கிறார் என்று நீதிபதிக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ சந்தேகம் வரக் காரணம் இருந்தால், முதலில் அதைத்தான் விசாரிக்க வேண்டும். தேவைப்பட்டால் ஒரு மாதம் வரை மனநல மருத்துவமனையில் கண்காணிப்பில் வைக்கலாம். தீபகற்பத்தில் வடக்கிலும் நடுவிலும் உள்ளவர்களுக்கு அது பெரும்பாலும் உலு கிந்தாவில் உள்ள பஹாகியா மருத்துவமனை. 1911-லிருந்து இருக்கிறது. நம்மவர்கள் யாரையாவது கேலி செய்ய ‘தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்’ என்பார்களே, அதே இடம். அந்தக் கேலியால்தான் பல குடும்பங்கள் மகனுக்கு அங்கே வைத்தியம் நடந்ததை வெளியே சொல்வதில்லை. கோர்ட்டிலும் சொல்வதில்லை.

இப்போது ‘டாக்டர் லெட்டர்’ விஷயம். இதில் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம். அவருக்கு மனநோய் இருக்கிறதா என்பது ஒன்று. பொருளை எடுத்தபோது, தான் செய்வது என்ன, அது தப்பு என்று அறிய முடியாத நிலையில் இருந்தாரா என்பது வேறு. அதற்குத் தண்டனைச் சட்டம் 84-ஆவது பிரிவு, 1843-ல் இங்கிலாந்தில் உருவான விதியின் வழியில் வந்தது. கூண்டில் நின்று ‘ஒப்புக்கிறேன்’ என்று சொன்ன அந்த நிமிடத்தில் நடப்பது புரிந்ததா என்பது மூன்றாவது. உங்கள் வழக்கு இந்த மூன்றாவது கேள்விதான். இதற்கும் அடிப்படை பழைய இங்கிலாந்து வழக்கு ஒன்று, 1836-ல், காது கேளாத, வாய் பேசாத ஒருவரைப் பற்றியது. குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல முடியுமா, விசாரணை நடக்கும் போக்கைப் புரிந்துகொண்டு தன் தரப்பைச் சொல்லும் அளவுக்கு அறிவு இருக்கிறதா என்று அன்று கேட்டார்கள். இன்றும் கேள்வியின் சாரம் அதுதான்.

ஆகவே ‘இவருக்கு எட்டு வருடமாக ஸ்கிசோஃப்ரீனியா’ என்ற லெட்டர் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில். நோய் இருந்தும் மருந்து எடுத்துத் தெளிவாக இருப்பவர்கள் எத்தனையோ பேர், வேலைக்குப் போகிறார்கள், ஓட்டுப் போடுகிறார்கள். அவர்கள் ஒப்புக்கொண்டால் அது ஒப்புதல்தான். நோய் இருக்கிறது என்பதாலேயே யாருடைய வார்த்தையும் செல்லாமல் போய்விடாது, போகவும் கூடாது என்பது என் கருத்து.

இணையத்தில் தேடினால் அமெரிக்க விதிகள்தான் முதலில் வரும். நடப்பது என்ன என்று தெரிந்தால் மட்டும் போதாது, அதை நிதானமாக யோசித்துப் பார்க்கவும் முடிய வேண்டும் என்று 1960-ல் அவர்கள் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல அளவுகோல். அதற்காக அங்குள்ள மனுக்களின் பெயரைப் பார்த்து எழுதி நம் பதிவகத்தில் கொடுத்தால் வேலைக்காகாது.

நம் ஊரில் வழி என்ன? தண்டனை சொல்வதற்கு முன்பு என்றால் அதே மாஜிஸ்திரேட்டிடம், தகுந்த காரணம் காட்டி ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். அது கடந்துவிட்டது. தண்டனை விதித்த பிறகு அவருக்கே அதை மாற்ற அதிகாரமில்லை. மேலே உயர் நீதிமன்றம். அங்கே ஒரு சுவர் நிற்கிறது: 305-ஆவது பிரிவு. மாஜிஸ்திரேட்டிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டவர், தண்டனையின் அளவையோ அதன் சட்டபூர்வத்தையோ எதிர்த்துத்தான் மேல்முறையீடு செய்யலாம், குற்றத் தீர்ப்பை எதிர்த்து அல்ல. கவுண்டரில் உள்ளவரோ தெரிந்த யாராவதோ ‘ஒப்புக்கிட்டா அப்பீல் இல்லை’ என்று உங்களைத் திருப்பி அனுப்பினால், இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சுவர் செல்லத்தக்க ஒப்புதலுக்குத்தான். புரியாமல் சொன்னது, பாதி ஒப்புக்கொண்டு பாதி மறுத்தது, இவையெல்லாம் சட்டத்தின் கண்ணில் ஒப்புதலே இல்லை என்று வாதிட இடம் உண்டு. கூடவே, 323, 325-ஆவது பிரிவுகளில் உயர் நீதிமன்றத்துக்கு மறுஆய்வு அதிகாரம் இருக்கிறது. கீழ் நீதிமன்றத்தின் பதிவேட்டை வரவழைத்து, நடந்தது முறையா என்று பார்த்து, தீர்ப்பை ரத்து செய்யலாம். அனுபவமுள்ள வழக்குரைஞர் பெரும்பாலும் இரண்டு கதவையும் தட்டுவார்.

கையில் என்ன வேண்டும்? முதலில் நீதிமன்றப் பதிவு, நோத்தா ப்ரொசிடிங் என்பார்கள். அதில் ‘தன்மையும் விளைவும் புரிந்தது’ என்று எழுதியிருக்கிறதா, வெறும் ‘புரிந்தது’தானா? தண்டனையைக் குறைக்கச் சொல்லும் கட்டத்தில் தம்பி என்ன பேசினார் என்பதைத் திரும்பத் திரும்பப் படியுங்கள். ‘எடுக்கச் சொல்லிக் குரல் கேட்டது’, ‘அது என் கடைதான்’ என்ற மாதிரி ஏதாவது அங்கே விழுந்திருந்தால், அது பொன் மாதிரி. ஒப்புக்கொண்டவர் அப்படிப் பேசினால், மாஜிஸ்திரேட் அங்கேயே ஒப்புதலை நிராகரித்து, விசாரணைக்கு மாற்றியிருக்க வேண்டும். டாக்டரைத் தேடி அலைவதற்கு முன்னால், அவர்கள் எழுதிய தாளிலேயே உங்களுக்கு வேண்டியது இருக்கலாம்.

பிறகு மருத்துவத் தாள்கள். எட்டு வருடக் கதை குறைவாகவும், அந்த மூன்று மாதம் அதிகமாகவும் வேண்டும். ஊசிக்கு வராத தேதிகள் கிளினிக் புத்தகத்தில் வெற்றுக் கட்டமாக இருக்கும். அந்த வெற்றுக் கட்டங்கள்தான் சாட்சி. முன்பு எப்போதாவது ஊசி நின்றபோது என்ன ஆனார், எத்தனை வாரத்தில் நிலை மோசமானது என்பது பழைய ஃபைலில் இருந்தால் இன்னும் நல்லது. இதற்கு முன் நீங்களே போலீஸைக் கூப்பிட்டு அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனதுண்டா? அந்த ரிப்போர்ட்டின் நகலை வாங்குங்கள். ஓகேயூ அட்டை, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை, இருந்தால் அதையும். சிறைக்குள் சேர்க்கும்போது அங்குள்ள கிளினிக்கில் பார்த்து எழுதிய குறிப்பு ஒன்று இருக்கும். கூண்டில் நின்ற நாளுக்கு மிக அருகில் எழுதப்பட்ட மருத்துவத் தாள் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். வழக்குரைஞரிடம் அதைக் கட்டாயம் கேட்கச் சொல்லுங்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சிறையில் மருந்து தொடங்கினால் நாலைந்து வாரத்தில் தம்பி தெளிந்துவிடலாம். உங்களுக்கு நிம்மதி. ஆனால் இரண்டு மாதம் கழித்துப் பார்க்கும் மருத்துவர் ‘இவர் விசாரணைக்குத் தகுதியானவர்’ என்றுதான் எழுதுவார். அந்தத் தெளிவே உங்கள் வாதத்துக்கு எதிராக வந்து நிற்கும். அதற்காக மருந்தை நிறுத்தச் சொல்லக் கூடாது, தயவுசெய்து. மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வியை மாற்றுங்கள். ‘இப்போது எப்படி இருக்கிறார்’ என்று கேட்காதீர்கள். ‘மூன்று மாதம் ஊசி இல்லாமல், இந்தத் தேதியில், இந்தக் குறிப்புகளை வைத்துப் பார்த்தால், குற்றச்சாட்டையும் ஒப்புதலின் விளைவையும் புரிந்துகொள்ளும் நிலையில் இருந்திருப்பாரா’ என்று கேளுங்கள். தேதியோடு கேட்டால்தான் தேதியோடு பதில் வரும். நீங்களும் வீட்டாரும் அந்த வாரங்களில் கண்ணால் கண்டதைச் சத்தியப் பிரமாணமாக எழுதி, பெசுருஹ்ஜாயா சும்பா, அதாவது சத்தியப் பிரமாண ஆணையர், முன் கையெழுத்துப் போடலாம். ‘அவன் பைத்தியம் மாதிரி இருந்தான்’ என்று எழுதாதீர்கள். ‘புதன்கிழமை இரவு ஃபிரிட்ஜைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தான், அதற்குள் ஆள் பேசுகிறது என்றான்’ என்று எழுதுங்கள். இவற்றைக் கூடுதல் சாட்சியமாக ஏற்க உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. எடுத்துக்கொள்ள வைப்பது வழக்குரைஞர் வேலை.

இனி, யாரும் உங்களுக்கு முன்கூட்டிச் சொல்லாத பகுதி. ஜெயித்தால் என்ன ஆகும்?

தம்பி விடுதலை ஆகிவிடுவார் என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. ஒப்புதல் ரத்தானால் வழக்கு தொடங்கிய இடத்துக்குத் திரும்பும். பெரும்பாலும் வேறொரு மாஜிஸ்திரேட் முன் குற்றச்சாட்டு மறுபடி வாசிக்கப்படும். அன்று தெளிவாக இருந்தால் விசாரணை, தெளிவில்லை என்றால் 342-ன் கீழ் மருத்துவமனை. விசாரணையில் 84-ஆவது பிரிவைச் சொல்லி ஜெயித்தாலும், செயலைச் செய்தார் என்று நீதிமன்றம் கண்டால், விடுதலைத் தீர்ப்போடு வீட்டுக்கு அனுப்பாது. 348-ஆவது பிரிவின்படி மனநலக் காப்பில் வைப்பார்கள். எத்தனை நாள் என்று தீர்ப்பில் எண் இருக்காது. கூட்டரசுப் பிரதேசத்தில் மாமன்னர், பினாங்கு போல ஆளுநர் உள்ள மாநிலங்களில் யாங் டி-பெர்த்துவா நெகிரி எனப்படும் அந்த ஆளுநர், மற்ற மாநிலங்களில் அந்தந்த ஆட்சியாளர் மனம்வைக்கும் வரை. நாலு மாதத்தில் முடிந்திருக்கக்கூடிய ஒரு சின்னக் கடைத் திருட்டு, வருடக் கணக்கில் நீளலாம். கொலை வழக்கில் 84 உயிர் காக்கும். கடையில் எடுத்த பொருளுக்கு அதை எடுப்பது, கொசுவுக்குக் கோடாரி.

ஆகையால் வழக்குரைஞரோடு உட்காரும்போது வேறு இரண்டு வழிகளையும் மேசையில் வையுங்கள். தண்டனையை எதிர்த்து மட்டும் முறையிடுவது ஒன்று. 305 அதைத் தடுக்கவில்லை. நோயையும், ஊசி நின்றதையும், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருப்பதையும் காட்டி, சிறைக்குப் பதிலாக 294-ஆவது பிரிவின் கீழ் நன்னடத்தைப் பிணையில் விடும்படி கேட்கலாம். முன்பு குற்றப் பதிவு இல்லாதவருக்கு இது எடுபட நியாயமான வாய்ப்பு உண்டு. மற்றது, அரசுத் தரப்புக்கு எழுதுவது. வழக்கைத் தொடங்கவும் நடத்தவும் நிறுத்தவும் அரசமைப்புச் சட்டம் 145(3) சட்டத்துறைத் தலைவருக்கு அதிகாரம் தருகிறது. ஒப்புதல் ரத்தாகி மறுவிசாரணை வந்தால், மருத்துவத் தாள்களோடு, வழக்கை மீட்டுக்கொள்ளும்படி ஒரு மனு. சின்னத் திருட்டு, தெளிவான நோய், பொறுப்பேற்கும் குடும்பம் என்றால் அவர்களும் மனிதர்கள்தான். உங்கள் நிலையில் நான் இருந்தால் நோட்டீஸை ஐந்து நாளுக்குள் கொடுத்து, ஜாமீன் கேட்டு, பதிவேடு கைக்கு வந்த பிறகு ஒப்புதலை எதிர்ப்பதா, தண்டனையை மட்டுமா என்று முடிவு செய்வேன். நோட்டில் அந்தக் ‘குரல்’ மாதிரி ஏதாவது இருந்தால் முழுசாக எதிர்ப்பேன். ஒன்றும் இல்லை, எல்லாம் முறையாக எழுதியிருக்கிறது என்றால் தண்டனையோடு நிறுத்திக்கொள்வேன்.

வழக்குரைஞருக்குப் பணமில்லை என்றால் தேசிய சட்ட உதவி அறவாரியம், சுருக்கமாக ஒய்பிஜிகே, 2012-லிருந்து குற்றவியல் வழக்குகளில் உதவுகிறது. வழக்குரைஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இருக்கிறது. போகும்போது தண்டனைத் தேதி, வழக்கு எண், கிளினிக் புத்தகம் மூன்றும் கையில் இருக்கட்டும். கதையை அப்புறம் சொல்லலாம்.

கடைசியாக, சிறையில் பார்க்கும்போது. கண்ணாடிக்கு அப்பால் போனில்தான் பேசுவீர்கள், நேரம் குறைவு. சாப்பிட்டாயா, தூங்கினாயா எல்லாம் கேளுங்கள், அதோடு, “அன்னைக்குக் கோர்ட்டுல உன்கிட்ட என்னடா கேட்டாங்க?” என்று கேளுங்கள். அவர் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள், ‘இல்லடா, அப்படி இருக்காது’ என்று திருத்தாதீர்கள். ‘என்ன கேட்டாங்கன்னு தெரியாமதானே நீ சொன்னே?’ என்று எடுத்தும் கொடுக்காதீர்கள், நாளைக்கு அது உங்கள் வார்த்தை என்று ஆகிவிடும். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, அவர் சொன்ன சொல்லிலேயே, தேதியும் நேரமும் போட்டு ஒரு தாளில் எழுதிவைத்துவிடுங்கள்.